வெங்காய வரி கூடிய இரவும் திறந்த பொருளாதாரமும்: யாரைக் கேட்டுத் திறந்தார்கள்?

குறுக்குத்தெருக் கணக்கர் | சனி, இரவு 9.40

கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில், நாலாம் குறுக்குத் தெருவில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய், சீனி, கொத்தமல்லி. அக்காவின் மகன் கம்பஸில் பொருளியல் படிக்கிறான். போன கிழமை வந்து, "மாமா, வர்த்தகத்தைத் திறந்துவிடுவது எங்களைப் போன்ற நாடுகளுக்கு நல்லதா, கூடாதா? நாலு பக்கம் எழுத வேண்டும்" என்றான். நான் அவனுக்கு ஒரு இரவின் கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முந்தி எங்கள் கடைக்கு இரண்டு கொள்கலன் பொம்பாய் வெங்காயம் துறைமுகத்தில் வந்து நின்றது. பத்திர வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அன்று இரவு வர்த்தமானி (அரசின் அறிவித்தல் இதழ்) வந்தது. வெங்காயத்துக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு, அதாவது இறக்குமதிச் சாமானுக்குக் கிலோக் கணக்கில் எடுக்கும் வரி, கூடிவிட்டது. ஒரு கொள்கலனில் 28 தொன் என்று வையுங்கள். கிலோவுக்குப் பத்து ரூபா கூடினாலே கொள்கலனுக்கு 2,80,000 ரூபா. முதலாளி விடிய ஐந்து மணிக்கே வந்து கடையைத் திறந்து, ஒன்றும் பேசாமல் தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வந்து பார்த்தார்கள், இறக்க ஒன்றும் இல்லை, திரும்பிப் போனார்கள். ஆனால் அதே தெருவில் வேறு இரண்டு கடைகளில் முந்தின நாள் பின்னேரமே அவசர அவசரமாகச் சரக்கை எடுத்து இறக்கியிருந்தார்கள். ஏன் இந்த அவசரம் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது.

வரி தம்புள்ளை விவசாயிக்காகப் போட்டது. அதில் எனக்குக் குறையே இல்லை. அறுவடை நேரத்தில் இந்திய வெங்காயம் வந்து குவிந்தால் அவர் என்ன செய்வார்? ஆனால் நாங்கள் கொள்வனவு செய்யும் ஊர்களில் விசாரித்தபோது, பலர் வந்த விலைக்கு ஏற்கெனவே விற்று முடித்திருந்தார்கள். வரி வந்த நேரம் வெங்காயம் களஞ்சியக்காரர் கையில் இருந்தது.

கதவைத் திறந்தாலும் சரி, மூடினாலும் சரி, அது யாருக்கு முதலில் தெரிகிறது? யாரைக் கேட்டுச் செய்கிறார்கள்? பட்டறிந்தவர்கள் எழுதுங்கள்.

சுன்னாகத்தான் | சனி, இரவு 10.25

தம்பி, இது எங்கள் வீட்டிலும் நடந்தது. 1977இல் எனக்குப் பதினொரு வயது.

அதற்கு முந்திய ஏழு வருடம் சிறிமாவோ அம்மையாரின் ஆட்சி. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் நிறுத்திவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்ததற்கு அப்படி ஒரு விலை. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் குடியேற்றத் திட்டங்களுக்குப் போன படித்த பொடியன்கள் மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார்கள். அப்பா 1975இல் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வாங்கினார். ஊரில் பலர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு 1977 ஜூலைத் தேர்தல். ஜே.ஆர். ஜயவர்தனவின் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140. நவம்பரில் நிதி மந்திரி ரொனி டி மெல் வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு பெரும்பாலும் போய்விட்டது. எட்டு ஒன்பது ரூபாவாக இருந்த டொலரின் உத்தியோகபூர்வ விலை 16 ரூபா அளவுக்குப் போனது. வெளி மிளகாய் வந்தது. எங்கள் விலை விழுந்தது.

அப்பா அந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சாக்குகளை முன்னறையில் அடுக்கி வைத்தார். இரண்டு மாதம் வீடு முழுக்கத் தும்மல். புத்தகத்தை விரித்தால் தும்மல், சோற்றுக்கு இருந்தால் தும்மல். கடைசிக் கைக்குழந்தையை அம்மா அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார். கடைசியில் நிறம் மங்கி, பாதி விலைக்கும் குறைவாகத்தான் போனது. அடுத்த வருடம் லாண்ட்மாஸ்டரும் போனது.

ஒன்றை யாரும் பேசுவதில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலத்துக்கு அடுத்ததாக வந்தவர் யார் தெரியுமா? ஹெக்டர் கொப்பேகடுவ. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாக்கு. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்ப் பிள்ளைகளைப் பாதித்த தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசாங்கத்தில் மந்திரியாக இருந்த சிங்களத் தலைவருக்கு யாழ்ப்பாணம் இத்தனை வாக்குப் போட்டது. ஏனென்றால் அவர்தான் அந்த ஏழு வருடமும் விவசாய மந்திரி. அப்பாவும் அவருக்குத்தான் போட்டார். மிளகாய்க்காகப் போட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். 140 ஆசனம் எடுத்தவருக்கு எங்கள் வாக்குத் தேவைப்படவில்லை. அதனால் எங்களிடம் கேட்கவும் இல்லை.

பிரதான வீதி நானா | சனி, இரவு 11.10

சுன்னாகத்து அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஏழு வருடம் இங்கே கொழும்பில் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். விடியற்காலை பாணுக்கு வரிசை. அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துச் சோதனை, மிளகாய் கொண்டுபோனாலும் சோதனை. எங்கள் வாப்பா ஒரு நல்ல சாரம் தேடி மூன்று கடை ஏறி இறங்குவார். உங்கள் மிளகாய்க்கு வந்த நல்ல விலையை இங்கே கொடுத்தவர்களும் ஏழைகள்தான். அதையும் கணக்கில் போடுங்கள்.

நான் திறந்த பொருளாதாரத்தால் எழும்பியவன். 1980களில் பிரதான வீதியில் ஒரு மூலையில் துணி விற்கத் தொடங்கி, இன்று சொந்தக் கடை. அல்ஹம்துலில்லாஹ், மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் என் உம்மாவின் ஊர் கிழக்குக் கரையில் உள்ள மருதமுனை. முழுக்க நெசவு. சின்ன வயதில் லீவுக்குப் போனால் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் ஓய முந்தி அடுத்த வீட்டுச் சத்தம் தொடங்கும். மாமா குழித்தறியில் காலை விட்டபடியே என்னோடு கதைப்பார். திறந்த பிறகு மலிவான வெளிநாட்டுத் துணி வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மாமா 1981இல் சவூதிக்குப் போனார். நான் கடையில் விற்ற துணிதான் அவருடைய தறியை நிறுத்தியது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "நீ விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான், அதை விடு. தறிக்காரன் அடுத்து என்ன செய்வான் என்று அன்றைக்கு ஒருவனாவது வந்து கேட்டானா?" என்றார்.

மருதமுனையில் இன்றைக்கும் சாரமும் சாரியும் நெய்கிறார்கள். அந்தத் தரத்துக்கு நல்ல பெயரும் இருக்கிறது. முன்பிருந்த அளவு மட்டும் இல்லை.

வெள்ளவத்தை வாசகி | ஞாயிறு, காலை 7.15

மூன்று பேரும் எழுதியதை இரவே வாசித்துவிட்டேன், நித்திரை வரவில்லை. இதே விஷயத்தில் ஆய்வு செய்கிறேன்.

கதவு திறந்தால் கிடைக்கும் நன்மை ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபா குறைந்ததற்காக யாரும் ஊர்வலம் போவதில்லை. நட்டம் அப்படி இல்லை, அது ஒரு வீட்டு முன்னறையில் சாக்குச் சாக்காகக் குவிகிறது. ஆகவே அழுத்தம் கொடுக்க முடிந்த நட்டக்காரர் பாதுகாக்கப்படுகிறார், முடியாதவர் விடப்படுகிறார். இந்தியா 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து கடைசி நேரத்தில் விலகியது. பால் விவசாயிகளின் எதிர்ப்பு அதற்கு ஒரு பெரிய காரணம். கோடிக்கணக்கான வீடுகளில் மாடு நிற்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் பலமானவை. எந்தக் கட்சியாலும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஹெய்ட்டியின் நெல் விவசாயிக்கு அந்தப் பலம் இருக்கவில்லை. 1990களின் நடுவில் அங்கே அரிசி வரி 3 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரிசி வந்து குவிந்து உள்ளூர் நெல் படுத்துவிட்டது. அதற்குத் துணைபோனது தவறு என்று 2010இல் பில் கிளின்டனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விவசாயிக்கு அதனால் என்ன?

எங்கள் 1977க்கு வருகிறேன். அந்தத் திறப்பு பேச்சுவார்த்தை நடத்தி வந்த ஒன்றாக எனக்குத் தெரியவில்லை. 1979இல் மலிவு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் இருந்த ரூபா அப்படியே நின்றது, விலை ஓடியது. 1980இல் பணவீக்கம் 26 வீதம். அந்த ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் வேலையை இழந்தார்கள். 1982 டிசம்பரில் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடித்தார்கள். சந்தை திறந்துகொண்டே போனது, எதிர்த்துப் பேசும் வழிகள் அடைபட்டுக்கொண்டே போயின. இரண்டும் ஒரே ஆட்சியின் வேலை.

சரி, அப்புறம் என்ன நடந்தது? எதிர்ப்பு மறையவில்லை, வேறு வழியாக உள்ளே வந்தது. சுங்க வரியைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டிவிட்டு, அதன் மேலே செஸ் என்ற மேல்வரி ஒன்று, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு ஒன்று என்று அடுக்கினார்கள். டைல், சப்பாத்து, பிஸ்கட் போன்றவற்றை இங்கே செய்யும் சில பெரிய கம்பனிகளுக்கு அது நல்ல வேலி. வீடு கட்டும் ஆளும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும் தாயும் அந்த வேலிக்குக் காசு கட்டுகிறார்கள். 2000இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 39 வீதமாக இருந்த ஏற்றுமதி பத்தே வருடத்தில் 20 வீதம் அளவுக்கு இறங்கியதற்கு யுத்தமும் இன்னும் பல காரணங்களும் உண்டு, இந்த வேலியும் அவற்றில் ஒன்று. உள்ளூரிலேயே நல்ல இலாபம் வந்தால் யார் வெளியே போய்ப் போட்டி போடுவார்கள்?

சுன்னாகத்து ஐயா கோபிக்கக் கூடாது. எழுபதுகளின் மூடலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுன்னாகத்தான் | ஞாயிறு, காலை 8.05

கோபம் இல்லை மகள். நானும் திரும்பச் சொல்லவில்லை. மிளகாய் விலை கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வருடத்தில் இறங்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அப்பா வேறு பயிருக்கு மாறியிருப்பார். அவர் மாறத் தெரியாத மனிதர் இல்லை. புகையிலையிலிருந்து மிளகாய்க்கு வந்தவர்தானே.

துறைமுகத்தான் | ஞாயிறு, காலை 9.30

சுங்கத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை செய்கிறேன், இருபத்தாறு வருடம்.

கணக்கர் சொன்ன இரவு எனக்குப் புதிதில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியமைச்சரின் ஒரு கட்டளை போதும், இந்த அறவீடு மாறிவிடும். அதன் பெரிய உதாரணம் சீனி. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த அறவீடு ஒரே அடியாக 25 சதமாகக் குறைந்தது. ரூபா இல்லை, சதம். கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கியதா? ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வரி போனது, அந்தக் காசு தேத்தண்ணீர் குடித்தவர் கைக்கு வரவில்லை.

மூடினாலும் இதே கதிதான். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். உள்ளூரில் போதிய மஞ்சள் இல்லை. கொரோனா நேரம் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் மஞ்சள் மூட்டை வந்து, கடற்படை பிடித்து எரித்தது. பொன் கடத்திய கடலில் மஞ்சள் கடத்தினார்கள். பிடிபட்ட மூட்டைகளை நானே பார்த்தேன். சாக்கு நனைந்து சாயம் இறங்கி, சீமெந்துத் தரை முழுக்க மஞ்சள்.

இன்னொன்று, பெரிய நாடும் கதவை நினைத்தபடி மூடும். இந்தியாவோடு 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தேயிலைக்கு வருடம் 15 மில்லியன் கிலோ என்று வரம்பு. ஆடைக்கு 8 மில்லியன் உருப்படி. இங்கே பாமாயிலில் வனஸ்பதி (சமையல் கொழுப்பு) செய்து அனுப்பத் தொடங்கியதும் அங்கே உள்ளவர்கள் சத்தம் போட்டார்கள், அதற்கும் வரம்பு வந்தது. நியாயமாகச் சொன்னால் அந்த வனஸ்பதி வியாபாரம் இரண்டு நாட்டுப் பாமாயில் வரி வித்தியாசத்தில் ஓடியது, அது எப்படியும் நிலைத்திருக்காது. ஆனாலும் அங்கே சத்தம் போட்டவருக்குக் காது கொடுக்க ஒரு அரசாங்கம் இருந்தது.

மலைமகள் | ஞாயிறு, பகல் 1.50

எல்லாரும் வியாபாரிகளையும் விவசாயிகளையும் பற்றி எழுதுகிறீர்கள். தைத்தவளும் கொஞ்சம் எழுதுகிறேன்.

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். 2003இல் கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழிற்சாலை வலயத்துக்கு வந்தேன், பதினொரு வருடம் இருந்தேன். காற்சட்டையின் இடுப்புப் பட்டி மட்டும்தான் என் வேலை. ஒரு காற்சட்டையை முழுதாகத் தைக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது. போர்டிங் அறையில் ஆறு பேர், ஒரு கிணறு, விடிய நாலு மணிக்கு வாளிகளின் வரிசை. அது கஷ்டம்தான். ஆனால் மாதம் முடிய என் பெயருக்குச் சம்பளம் வந்தது. தோட்டத்தில் அம்மாவின் சம்பளத்தை அப்பா போய் வாங்கிய காலத்தைப் பார்த்தவள் நான். 1978இல் அந்த வலயத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் என் தங்கைகள் இருவரும் உயர்தரம் வரை படித்திருக்க மாட்டார்கள். ஆகவே திறந்தது எங்களுக்கு நல்லதுதான். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் எங்களைப் பற்றி எல்லா முடிவும் வேறு எங்கோதான் எடுத்தார்கள். 2005 பிறந்ததும் எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வைத்திருந்த உலக ஆடைக் கோட்டா முடிந்தது. சின்னத் தொழிற்சாலைகள் மூடின. 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் காரணங்களுக்காக ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை போனது. 2017இல்தான் திரும்பி வந்தது. உரிமையை மீறியது யார், ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) இழந்தது யார்? 2025 ஏப்ரலில் எங்கள் சாமானுக்கு 44 வீத வரி என்று அமெரிக்கா அறிவித்த அன்று என் தங்கையின் மகள் அழுதுகொண்டு போன் எடுத்தாள். அவளும் தையல்தான். ஓகஸ்டில் அது 20 வீதத்துக்கு இறங்கும் வரைக்கும் அவர்களுக்கு ஒருவரும் ஒன்றும் விளக்கவில்லை. நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வாக்கு. எங்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு ஊரில். கட்டுநாயக்கவில் வாக்குக் கேட்கும் எம்.பி.க்கு எங்களால் ஆவது ஒன்றும் இல்லை. ஊர் எம்.பி.க்கு நாங்கள் எங்கே வேலை செய்கிறோம் என்றே தெரியாது. தேர்தலுக்கு முதல் நாள் பஸ்ஸில் நின்றபடி ஹற்றன் போய், வாக்குப் போட்டுவிட்டு இரவோடு இரவாகத் திரும்பி வந்திருக்கிறேன். லீவு தராமல் போகாமலே விட்ட தேர்தலும் உண்டு. எங்களுக்கு இருந்த ஒரே வழி ரோடு. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து இறங்கினோம். பொலிஸ் சுட்டு ஒரு தம்பி இறந்தார். பிறகுதான் சட்டமூலத்தை வாபஸ் வாங்கினார்கள். ஒரு உயிர் போன பிறகுதான் எங்கள் பேச்சு கேட்டது.

வெள்ளவத்தை வாசகி | ஞாயிறு, பகல் 2.20

அக்கா, வாக்கு ஓரிடம் வேலை ஓரிடம் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆய்வுக்கு எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன், இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கிழமை உங்களோடு பேச முடியுமா?

மலைமகள் | ஞாயிறு, பகல் 2.35

தாராளமாக. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள் தங்கச்சி.

பிரதான வீதி நானா | ஞாயிறு, மாலை 4.00

வாசகி, ஒரு கேள்வி. சுங்க வரியைக் குறைக்கிறோம் என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது, ஆனால் துறைமுகத்தில் எடுக்கும் காசை விட யாருக்கும் மனம் வருவதில்லையே, ஏன்?

வெள்ளவத்தை வாசகி | ஞாயிறு, மாலை 4.40

நானா, எடுக்க இலகு, அதுதான் காரணம். வருமான வரி என்றால் ஆயிரம் கந்தோருக்கும் ஆயிரம் வீட்டுக்கும் போக வேண்டும், செல்வாக்குள்ளவர்களோடு முட்ட வேண்டும். துறைமுக வாசலில் கொள்கலனை நிறுத்தினால் போதும். 2022இல் அரசின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 வீதம்கூட இல்லை. அப்படி வறண்ட திறைசேரி எல்லை வரியை விடாது. ஆகவே வர்த்தகத்தைத் திறக்கும் பேச்சு உண்மையாக வேண்டுமானால் முதலில் வருமானமும் சொத்தும் உள்ளவர்களிடம் ஒழுங்காக வரி எடுக்க வேண்டும். அதைச் சொல்லும் அரசியல்வாதிக்கு அடுத்த தேர்தலில் காசு கொடுக்க ஆள் இருக்காது. வளரும் நாடுகள் பலவற்றில் இதே முடிச்சுத்தான்.

குறுக்குத்தெருக் கணக்கர் | ஞாயிறு, இரவு 8.30

எல்லாவற்றையும் மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். நாலு பக்கத்தில் முடியாது என்கிறான்.

நான் ஒரு வேலை செய்யப் போகிறேன். தெருவில் உள்ள சிறு இறக்குமதியாளர் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, நிதியமைச்சுக்கு ஒரு கடிதம். வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் அறவீட்டை இரவோடு இரவாக மாற்றாமல், வருடத் தொடக்கத்திலேயே மாதவாரியாக அறிவிக்க வேண்டும் என்று. விவசாயிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், கடைசி நேரத்தில் காதில் ஓதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படி இருந்தால் அறுவடை மாதத்தில் எங்களுக்கு வியாபாரம் குறையும், அதை முதலாளியிடமும் சொன்னேன். "குறையட்டும், முன்பே தெரிந்தால் போதும்" என்றார்.

"அறுவடைக்கு 60 நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். சுன்னாகத்து அண்ணை, அது போதுமா, 90 போடவா?

சுன்னாகத்தான் | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அறுவடைக்கு முன் என்ற சொல்லை வெட்டிவிட்டு, நாற்று மேடை போட முன் என்று எழுதுங்கள். நட்ட பிறகு தெரிந்து அவனால் என்ன செய்ய முடியும்? பெரிய வெங்காயத்துக்கு விதை வாங்குவதே பெரிய செலவு, அந்தக் கடன்தான் முதலில் ஏறுவது. விதைக்கடைக்குப் போக முன் விலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால், போடுவதா விடுவதா என்று அவன் முடிவெடுப்பான். கடிதத்தில் என் பெயரையும் சேருங்கள். நாளைக் காலை பஸ்ஸில் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.